பேஸ் கொஞ்சம் கம்மி

"பாட்டு வரலைன்னா என் மீசையை எடுத்துடுறேன். போதுமா?"

ஆனந்தராஜ் இப்படிச் சவால் விட்டிருக்க வேண்டாம். அதுவும் முத்தியால்பேட்டை சொந்தபந்தம் மொத்தமும் விருந்துக்கு வந்து ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது.

எல்லாம் மச்சான் தெய்வநாயகத்தால் வந்த வினை. மனைவி ரஞ்சிதத்தின் அண்ணன். பாரிஸிலிருந்து லீவுக்கு வந்தவர். எதைக் காட்டினாலும் ஒரு நொட்டை சொல்லாமல் விட மாட்டார்.

"என்ன மாப்ள, புதுசா ரெண்டு பீரோ வாங்கியிருக்க?"

"பீரோ இல்ல மச்சான், டவர் ஸ்பீக்கர். பார்ட்ஸெல்லாம் கிட்டா வாங்கி நானே செஞ்சது. பலகை மட்டும் மேட்டுப்பாளையத்துல அறுத்துக் குடுத்தாங்க. மீதியெல்லாம் இந்தக் கைதான்."

"அதான் பயமா இருக்கு. போன தடவ நீ செஞ்ச காலிங் பெல்லை அமுக்கி ஷாக் வாங்கினது நான்தானே." பெட்டியின் பின்னாலிருந்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். "இதென்ன, எலி போறதுக்கா?"

"அது பேஸ் சத்தம் கும்முனு வர்றதுக்கு!"

ஹாலே சிரித்தது. அந்த ரோஷத்தில் வாயில் வந்ததுதான் மீசை.

சும்மா மீசையா அது! ரஞ்சிதம் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்ட மீசை.

ஆனந்தராஜ் தன் போனில் பாட்டைப் போட்டான். ஆம்ப்ளிஃபயரில் நீல விளக்கு எரிந்தது. பெட்டிகள் இரண்டும் கம்மென்று நின்றன. சத்தத்தைக் கூட்டினான். இன்னும் கூட்டினான். ப்ளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டினான்.

"ஃபிரிட்ஜ் சத்தம் நல்லாக் கேக்குது," என்றாள் ரஞ்சிதம்.

சகலை செல்வகுமார் எழுந்து பாத்ரூமுக்குப் போனான். ஷேவிங் செட்டோடு திரும்பினான்.

"சுடுதண்ணி வெக்கச் சொல்லட்டுமா சகல?"

ஆனந்தராஜ் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். லீவு நாளெல்லாம் மரத்தூளில் கிடந்து செய்தது. இப்படியா மானத்தை வாங்கும்?

ரஞ்சிதத்துக்கே பாவமாகிவிட்டது. "மொதல்ல எல்லாரும் சாப்புட வாங்க. வஞ்சிரம் ஆறுது," என்று கூட்டத்தை உள்ளே ஓட்டினாள்.

"நீங்க ஆரம்பிங்க. நான் கை கழுவிட்டு வரேன்," என்றார் தெய்வநாயகம்.

சாப்பிட்டு வந்ததும் அவரே முன்னால் போய் நின்றார்.

"தள்ளு மாப்ள. கோளாறு உன் டப்பா போன்லதான். என் போன்ல போடறேன் பாரு."

தட்டினார். இடது பக்கப் பெட்டிக்குள்ளிருந்து கணீரென்று நாதஸ்வரம்!

"பாடுது! பாடுது!" ஆனந்தராஜ் குதித்தான். "வலது பக்கம் ஏன் வரல மச்சான்?"

"ஒண்ணு பாடுதேன்னு சந்தோஷப்படுவியா, அத வுட்டுட்டு..."

செல்வகுமார் ஷேவிங் செட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "என்னா கிளாரிட்டி!" என்றான். அஞ்சலாட்சி சித்தி மார்பில் கை வைத்துக்கொண்டாள். "யப்பா, நெஞ்சே அதிருதுடா ராஜூ!"

ஆனந்தராஜ் மீசையை முறுக்கினான். "இப்ப சொல்லுங்க மச்சான்."

"பா மால்." பிரெஞ்சில் 'பரவாயில்லை' என்று அர்த்தம். அதோடு விட்டாரா? "பேஸ் கொஞ்சம் கம்மி."

ஆனந்தராஜ் சமையலறைக்குப் போய்ப் பொருமினான். "உங்கண்ணனுக்கு வயித்தெரிச்சல். மனசாரப் பாராட்ட வாய் வருதா பாரு!"

அன்று சாயங்காலமே அவருக்கு ஃபிளைட். சூட்கேஸை மூடும்போது ரஞ்சிதம் கேட்டாள்.

"அண்ணே, குளிக்கும்போது பாட்டு கேப்பியே, உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கர், அத எடுத்து வெச்சிட்டியா?"

"அதுவா... பீச்சுல எங்கியோ விட்டுட்டேன் போலம்மா."

விடுவானா ஆனந்தராஜ்! "ஏன் மச்சான், பொருளப் பத்திரமா வெச்சிக்க பாரிஸ்ல சொல்லித் தர மாட்டாங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்.

கார் தெருமுனை திரும்பியதும் ஆனந்தராஜ் ஆசையாகப் பாட்டைப் போட்டான். வரவில்லை. ரஞ்சிதத்தின் போனில் போட்டான். ம்ஹூம்.

ஸ்க்ரூவைக் கழற்றி இடது பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒயர்கள் தனியாகத் தொங்கின. பற்றவைக்கவே மறந்திருக்கிறான். வலது பெட்டியிலும் அதே லட்சணம்.

அப்புறம் பாடியது எது?

இடது பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினான். பின்பக்க ஓட்டைக்கு நேர் கீழே, பஞ்சுக்கு நடுவில், உள்ளங்கை அளவில் ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தான்.

ரஞ்சிதம் அதையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். ஆனந்தராஜ் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் பாரிஸிலிருந்து வீடியோ கால்.

"நல்லபடியா வந்து சேந்துட்டேன் மாப்ள. ஏய், என்ன மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? மீசை எங்க?"

ஆனந்தராஜ் வழவழவென்றிருந்த மேலுதட்டைத் தடவிக்கொண்டான்.

"என் ஸ்பீக்கர் பாடல மச்சான். பாடினது உங்களோடது."

அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது.

"நான்தான் நேத்தே சொன்னேனே மாப்ள," என்றார் தெய்வநாயகம். "பேஸ் கொஞ்சம் கம்மின்னு."