ஐம்பத்து நாலாவது வரன்

ஆறு கார், ஆறும் வெளிநாட்டுக் கார் என்று மார்தட்டிக்கொண்டு வந்த ஐம்பத்து மூன்றாவது மாப்பிள்ளையையும் கம்ப்யூட்டர் தள்ளிவிட்டது. செத்துப்போன தாத்தாவின் உள்ளூர் கார் ஒன்று அவன் பெயரில் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததாம்.

“பார்த்தியா மச்சான், மெஷின்னா இதுதான் மெஷின்,” என்று கட்டட கான்ட்ராக்டர் தன் மைத்துனரின் முதுகில் ஓங்கித் தட்டினார். தட்டிய வேகத்தில் மைத்துனரின் மூக்குக்கண்ணாடி கழன்று மேஜைமேல் விழுந்தது.

திருமணத் தகவல் நிலையத்தின் அந்தக் கண்ணாடி அறைக்குள் நாலே பேர். கான்ட்ராக்டர், மைத்துனர், பல் டாக்டரான மகள், அப்புறம் கசங்கிய சட்டையோடு கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்த ‘லாஜிக்’. அது கான்ட்ராக்டர் வைத்த பெயர். வாடிக்கையாளர் வாயால் சொல்லும் நிபந்தனையைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற தர்க்க மொழியில் விதியாக எழுதிக் கொடுப்பது அவன் வேலை.

கான்ட்ராக்டரின் நிபந்தனைகள் ஊரறிந்தவை. மாப்பிள்ளையின் கார் எல்லாம் வெளிநாட்டுக் கார். வீடு எல்லாம் மூன்று மாடிக்குக் குறையாமல். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் டாக்டர். இதைக் கேட்டுக் கேட்டே கல்யாணத் தரகர் ஒருவர் தொழிலை விட்டுவிட்டுக் குடை ரிப்பேருக்குப் போய்விட்டார். மற்றவர்கள் இவர் தலையைக் கண்டால் எதிர் பிளாட்பாரத்துக்குத் தாவினார்கள்.

கடைசியில் மகள்தான் அவரை இங்கே இழுத்து வந்தாள். “இதோட சரிப்பா. மெஷின் யாரைக் காட்டுதோ அவரை நான் கட்டிக்கிறேன், நீங்களும் மூச்சு விடக் கூடாது. ஒருத்தரும் தேறலைன்னா என் கல்யாணப் பேச்சையே விட்டுடணும்.”

அப்பா கையெழுத்துப் போட்டார், தாய்மாமன் சாட்சி போட்டார். கான்ட்ராக்டர் கட்டிய சுவர் விரிசல் விட்டதுண்டு. கொடுத்த வாக்கு விரிசல் விட்டதில்லை.

“ஏன் தம்பி, அந்த முப்பத்தொன்பதாவது பையனுக்கு என்ன கேடு?”

“அவர் அண்ணன் மாட்டு டாக்டர் சார். அது சேர்த்தி இல்லன்னு நீங்கதான் சொன்னீங்க.”

“மாடு பார்த்தாலும் டாக்டர்தானே அத்தான்,” என்றார் மைத்துனர்.

“உனக்கு உடம்புக்கு முடியலைன்னா நீ அவர்கிட்டயே போய்க் காட்டு. இருபத்திரெண்டு என்னாச்சு தம்பி?”

“கூடப் பொறந்தவங்க இடத்தை எழுதாம விட்டுட்டார் சார். சொல்லாததை மெஷின் இல்லைன்னு எடுத்துக்காது, தெரியாதுன்னுதான் எடுத்துக்கும். ‘இவ்வளவுதான், இதுக்கு மேல இல்ல’ன்னு கையெழுத்து இருந்தாத்தான் நம்பும்.”

“அப்படிப் போடு. என் சம்சாரத்தை விடக் கெட்டியா இருக்கும் போல.”

“அப்படிக் கையெழுத்துப் போட்ட ஒருத்தரைத் தள்ளணும்னா, விதியை உடைக்கிற ஒரு காராவது வீடாவது அது கண்ணுல படணும் சார். படலைன்னா பாஸ்.” லாஜிக் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். “கடைசியா ஒரு தடவை கேட்டுக்கிறேன். குறைஞ்சது இத்தனைன்னு ஏதாவது எண்ணிக்கை சேர்க்கணுமா?”

கான்ட்ராக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “எண்ணிக்கையா? என்னைப் பேராசை பிடிச்சவன்னு நினைச்சியா? எனக்குத் தரம் போதும் தம்பி. நான் சொன்னதுல ஒரு எழுத்து கூட்டாதே, ஒரு எழுத்து குறைக்காதே.”

மகள் ஜன்னல் பக்கம் திரும்பி, வானத்தில் இல்லாத பறவை ஒன்றை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாஜிக் பொத்தானை அழுத்தினான். கம்ப்யூட்டர், பிரசவ வார்டு வாசலில் நிற்கும் கணவன் மாதிரி கொஞ்ச நேரம் முனகியது. பிறகு திரையில் ஒரே ஒரு வரி வந்தது. ‘வரன் எண் 54. விதிமீறல் எதுவும் இல்லை.’

கான்ட்ராக்டர் எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்தது. மைத்துனர் படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். அதற்குள் கான்ட்ராக்டர் போனில் மனைவியைப் பிடித்துவிட்டார்.

“கிடைச்சுட்டான்டி. காருல ஒரு குத்தம் இல்ல, வீட்டுல ஒரு குத்தம் இல்ல, கூடப் பொறந்ததுல ஒரு குத்தம் இல்ல.”

“பையன் பேரென்னங்க?”

“பேரா இப்ப முக்கியம்? மெஷினே சொல்லிடுச்சு. முடிவாயிடுச்சுன்னு எல்லாருக்கும் சொல்லிடு.”

அந்த அம்மாளிடம் ஒரு செய்தியைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற்றவர் பூமியில் கிடையாது. நாலே நிமிஷத்தில் நாற்பது வீட்டுக்குத் தெரிந்து, வாழ்த்துச் சொல்லி மைத்துனரின் போன் கதற ஆரம்பித்தது.

கான்ட்ராக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேஜைமேல் கிடந்த காகிதத்தைத் திருப்பிப்போட்டு, பேனாவை எடுத்து, வீட்டு வாசலுக்கு ஒரு வரைபடம் கிறுக்கினார்.

“நம்ம வீட்டுல ரெண்டு வண்டிக்குத்தான் இடம். பெருசா ஒரு ஷெட் போட்டுடுவோம். மாப்பிள்ளைகிட்ட எத்தனை கார் இருக்குன்னு கேட்டுச் சொல்லு தம்பி.”

லாஜிக் எழுந்தான். கசங்கிய சட்டையை உள்ளே சொருகிக்கொண்டான். மகள் ஜன்னலை விட்டு வந்து, அவன் பக்கத்தில் தோளோடு தோள் நின்றாள்.

“ஒண்ணுகூட இல்ல, மாமா.”