மூடிய அறையில் ஓர் இருமல்

"அவன் இந்த அறையில இருந்தா நான் செத்துடுவேன் முதலாளி!"

செல்போன் பழுது பார்க்கும் கடையின் மூத்த மெக்கானிக், தொண்டையில் சிக்கிய தூசியைச் செருமிவிட்டுச் சொன்னார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதவியாள் ஒல்லி இருமினான். கடுகளவு திருகுகள் பறந்துவிடும் என்று அந்த உள்ளறையில் மின்விசிறி கிடையாது, ஜன்னலும் திறப்பதில்லை. ஒரே மேசை, இரண்டு பேர்.

"உங்களுக்கு எறும்பு தும்மினாலும் பயம்" என்றார் முதலாளி.

"ரெண்டு வாரமா இருமுறான். என் மாத்திரை சங்கதி தெரியும்ல?"

தெரியும். மூட்டுவாதத்தில் அவர் விரல்கள் மடங்காமல் போனபோது டாக்டர் சொன்னது கடைக்கே மனப்பாடம்.

"ஆபத்துன்னு உடம்புக்குச் சேதி சொல்ற ஒரு நொதி, உங்களுக்குச் சும்மாவே கூச்சல் போடுது. இந்த மாத்திரை அதோட வாயைக் கட்டிடும். ஆனா நிஜத் திருடனா நோய்க்கிருமி வந்தாலும் சத்தம் வராது. ஜாக்கிரதை!"

அன்றிலிருந்து அவருக்குக் குலைநடுக்கம்தான்.

"அண்ணே, வீட்டுல கைக்குழந்தை இருக்கு. வேலை போச்சுன்னா..." ஒல்லி கும்பிட்டான். அந்த விரல் மடங்காத நாட்களில், தோளோடு தோள் உட்கார்ந்து அவருக்காகத் திருகு முடுக்கியவன்.

"என் உயிர் போயிடும்டா!"

முதலாளி அவனை அனுப்பிவிட்டார்.

அந்த வாரமே மூத்த மெக்கானிக் காய்ச்சலில் விழுந்தார். 'பாவி, ஒட்டவெச்சுட்டுப் போயிட்டான்!' ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

எக்ஸ்ரேயையும் சளிப் பரிசோதனை முடிவையும் டாக்டர் மாறி மாறிப் பார்த்தார்.

"காசநோய்."

"நினைச்சேன்! எல்லாம் அந்த ஒல்லி..."

"இது இப்ப வந்தது இல்ல. எப்பவோ வந்து உள்ளே தூங்கிட்டிருந்தது. நொதியோட வாயைக் கட்டினதும் எழுந்திருச்சு. இருமல் எத்தனை நாளா?"

"நாலு மாசமா... தூசின்னு விட்டுட்டேன்."

"மாத்திரைக்கு முன்னாடி காசநோய்ச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தேனே? எடுத்தாச்சு, ஒண்ணும் இல்ல, ரிப்போர்ட் வீட்டுல இருக்குன்னீங்களே?"

எங்கே மாத்திரை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் அவர் சொன்ன பொய் அது. அந்தச் சீட்டு இன்னும் பர்சில் மடிந்தபடி கிடந்தது.

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"நாலு மாசமா உங்க பக்கத்துல உட்கார்ந்து உங்க இருமலை வாங்கிக்கிட்டது யாரு? பேரைச் சொல்லுங்க. அவங்க வீட்டுல கைக்குழந்தை இருந்தா, முதல்ல அதைக் கூட்டிட்டு வரச் சொல்லணும்."