தன்மை ஒருமை

“இன்னைக்கு யாரும் எழுதக் கூடாது. வாயைத் தொறந்து பேசி அனுப்புங்க. பேசாதவங்களை மத்தியானத்துக்குள்ள குழுவை விட்டுத் தூக்கிடுவேன், ஆமா!”

கைபேசியில் வந்தது தையல்காரம்மாவின் குரல். குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே பேசினார் போலும். பாதிச் சொற்கள் பல்லிடுக்கில் சிக்கியிருந்தன.

திருத்திக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தை ஓரமாக நகர்த்தினேன். அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை.

குழுவின் பெயர் ‘ஆத்மநல அன்பு குழு’. ‘அன்பு’க்குப் பின் ஒரு ‘க்’ வேண்டும். முதல் கோணல் முற்றும் கோணல்.

இறைநம்பிக்கையின் துணையோடு தம்மைத் தாமே பேணிக்கொள்ளும் பெண்களுக்கான குழுவாம். அதாவது, ஒருவர் பகலில் தூங்கினால் மற்றவர்கள் கூடிப் பாராட்டுவார்கள்.

விடிந்ததும் தையல்காரம்மா ஓர் அருள்வாக்கு அனுப்புவார். ‘உன் உடல் இறைவன் வாடகைக்கு கொடுத்த வீடு. இன்று எந்த அறையை பெருக்கினாய்?’

இரண்டு ஒற்றுகள் இல்லை. முன்பணம் யார் கொடுத்தது என்ற விவரமும் இல்லை.

அதற்கு எல்லாரும் மறுமொழி எழுதவேண்டும். செவிலியர் ஒருவர் வெந்நீரில் கால்வைத்து உட்கார்ந்தாராம், இறைவனுக்கு நன்றியாம். இறைவனுக்கும் அவருடைய கணுக்காலுக்கும் இடையே உள்ள வேற்றுமைத் தொடர்பு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வங்கிக் காசாளர் ஒருவர் தம் மாமியாரிடம் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டாராம். உடனே கைகூப்பிய படங்கள் மழையாகப் பொழிந்தன. கூப்பியவர்களில் பாதிப் பேர் மாமியார்கள்.

நானும் எழுதிவந்தேன். ‘நடந்தேன்.’ ‘தண்ணீர் குடித்தேன்.’ ‘சன்னலைத் திறந்துவைத்து வெயிலில் உட்கார்ந்தேன்.’

இவற்றுள் எதுவும் பொய்யில்லை. பிழையான வாக்கியத்தைத் திருத்திவிடலாம்; பொய்யான வாக்கியத்தைத் திருத்த வழியில்லை. ஆகவே முதலில் நடந்தேன், பிறகுதான் எழுதினேன்.

அண்மையில் அந்தச் செவிலியர் கேட்டிருந்தார்: ‘அக்கா, இப்பல்லாம் ரொம்ப சுத்தமா எழுதறீங்களே, வீட்டுக்காரர் காத்து பட்டுடுச்சா?’ அதன் கீழே ஐந்தாறு பேர் சிரித்திருந்தார்கள்.

அந்த வீட்டுக்காரன் நான்.

கைபேசி என் மனைவியுடையது. அவள் இனி எழுதப்போவதில்லை.

அவள் இருந்தவரை இந்தக் குழுவைக் ‘கும்பல்’ என்றே குறிப்பிட்டுவந்தேன். அந்தச் சொல்லை மாற்றுவதற்கான காரணம் எதுவும் இன்றுவரை தென்படவில்லை.

ஆனால் குழுவிலிருந்து ஒருவரை எடுத்துவிட்டால், அவருடைய பெயருக்குப் பக்கத்தில் ‘நீக்கப்பட்டார்’ என்று திரையில் ஒரு வரி விழும். அந்தச் சொல்லில் பிழை ஏதும் இல்லை. அவள் பெயருக்குப் பக்கத்தில் அதைப் படிக்க என்னால் முடியாது.

அதற்காகவே எழுதிவந்தேன். தன்மை வினைமுற்றுக்குப் பால் கிடையாது. ‘நடந்தேன்’ என்று ஆணும் எழுதலாம், பெண்ணும் எழுதலாம். அவர்களில் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை.

இலக்கணம் அறியாதவர்களை ஏமாற்ற இலக்கணமே போதும்.

குரலுக்குத்தான் பால் உண்டு.

காசாளர் பேசி அனுப்பிவிட்டார். செவிலியர் கொட்டாவிக்கு நடுவே பேசி அனுப்பிவிட்டார். பெயர்கூடத் தெரியாத ஒருவர், பக்கத்தில் குழந்தை அழ, தாம் முழுத் தட்டுச் சோற்றையும் உட்கார்ந்தே உண்டதை ஒரு நாட்டைப் பிடித்ததைப்போல அறிவித்தார்.

அச்சகத்தில் புத்தகம் தைக்கும் பிரிவில் வேலைசெய்யும் பெண்ணிடம் கைபேசியைக் கொடுத்து, ஒரு வரி பேசித்தரச் சொல்லலாம். மறுக்கமாட்டாள். ஆனால் அது பொய்.

உச்சிவேளை நெருங்கியது.

காகிதக் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அச்சு இயந்திரத்தின் அதிர்வு சுவர் வழியே தோளுக்கு ஏறியது. இன்று எனக்கென்று நான் செய்துகொண்டது ஒன்றே ஒன்றுதான். எழுதுவதாக இருந்தால் அதை விட்டுவிட்டு, இன்னொரு முறை தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதியிருப்பேன்.

பொத்தானை அழுத்தினேன்.

“இன்று சவரம் செய்துகொண்டேன்,” என்றேன்.

கட்டைக் குரல். பல நாள் எவரிடமும் பேசாததால் நடுவில் ஓர் எழுத்து உடைந்திருந்தது. மீண்டும் பேசித் திருத்தியிருக்கலாம். திருத்தாமல் அனுப்பினேன்.

பிறகு ‘நீக்கப்பட்டார்’ என்ற அந்தச் சொல் திரையில் விழுவதற்காகக் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து காத்திருந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் கைகூப்பவும் இல்லை. சற்றுக் கழித்துத் தையல்காரம்மாவின் குரல் வந்தது.

“நல்லதுண்ணா. அக்காவை எடுத்த அன்னைக்கு நாங்க அத்தனை பேரும் உங்க வீட்டுக்கு வந்திருந்தோம். நீங்கதான் நிமிந்தே பாக்கலை. சாவு அறிவிப்புல ஒரு ‘க்’ விட்டுப்போச்சுன்னு பேனாவும் கையுமா உக்காந்திருந்தீங்க. சரி, அடுத்தது யாரு பேசணும்?”