இந்தியாவுக்குப் போன ஒன்பது பேர்

"கோர்ட்டுல ஏறி ஒரு வார்த்தை பேசுனே, மறுநாளு காலையில ஆளு எண்ணுற பெரட்டுல ஒம்பேரு இருக்காது. பத்துச்சீட்டக் கிழிச்சி வெரட்டிருவேன். பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ரோட்டுல நிக்கணும், தெரியுதா?"

தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி சிவசாமி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அவர் கையில் ஆண்டியப்பனுக்கு வந்த சம்மன் இருந்தது. இங்கிலீஷ். ஆண்டியப்பனுக்குப் படிக்கத் தெரியாது. கங்காணிக்கும் தெரியாது. ஆனால் அனுப்பியது யார் என்பது உடப்புசல்லாவை டவுன் வரைக்கும் தெரியும்.

போன வருஷத் தேர்தலில் வியாகுலம் ஏழே ஏழு ஓட்டில் ஜெயித்து பார்லிமெண்டு மெம்பர் ஆனார். தோற்ற ஞானரட்ணம் வழக்குப் போட்டார்: வியாகுலத்தின் ஆட்கள் சாராயம் ஊற்றி, லொறியில் ஏற்றிப்போய் ஓட்டு வாங்கினார்கள் என்று. சாட்சி சொல்ல இந்த லயத்து வீட்டு வரிசையில் மட்டும் ஒன்பது பேருக்குச் சம்மன்.

கங்காணி மெம்பரின் ஆள். பல லயங்களில் அவரே தன் கையால் ஊற்றியிருந்தார். யார் யாருக்கு ஊற்றினோம் என்பதுதான் நினைவில்லை.

"ஐயா, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"ஞானரட்ணம் ஆளுங்க ஒனக்கு எத்தனை போத்தல்டா குடுத்தாங்க?"

"ரெண்டுங்க. ஆனா அது..."

"பாத்தியா! ரெண்டு போத்தலுக்கு வித்துட்டியேடா, வெக்கங்கெட்டவனே!"

உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி காளியாயியின் கை நின்றது. அவளுக்கு ஏழு மாதம். அவள் பிறந்ததும் இதே ஒற்றை அறைக் காம்பராவில்தான். இதை விட்டால் போக இடமில்லை.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா. என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

அதற்குத்தான் கங்காணி வந்திருந்தார். தேயிலை களவு போனாலும் சரி, யார் மண்டை உடைந்தாலும் சரி, அன்றைய பெரட்டில் பேர் இல்லாதவன் மேல் தோட்டத்தில் எந்தக் குற்றமும் ஒட்டாது. இருபது வருஷமாக அவர் வேண்டியவர்களைக் காப்பாற்றியது இந்த ஒரு வழியில்தான். தோட்டத்துத் துரையிடம் செல்லுவது நீதிபதியிடம் செல்லாதா?

"ஓட்டு நடந்த மாசம் பூரா நீ இந்த நாட்டுலயே இல்ல. இந்தியாவுக்குப் போயிட்ட. தங்கச்சி கல்யாணம். லொறியும் தெரியாது, சாராயமும் தெரியாது. சொல்லு."

"எனக்குத் தங்கச்சி இல்லீங்களே."

"நீதிபதி ஒங்க வீட்டுக்கு வந்து எண்ணப் போறாரா? சொல்லுடா!"

"இந்தியாவுல இருந்தேங்க."

"ஓட்டு அன்னைக்கு?"

"இந்தியா."

"எப்படித் திருப்பித் திருப்பிக் கேட்டாலும்?"

"இந்தியாதாங்க. ஐயா, ஒரே ஒரு விசயம் மட்டும்..."

"ஒரு மண்ணும் வேணாம். கணக்கப்பிள்ளை வேலைக்கு வந்த ஆளு எழுதுற செக்ரோல்லயும் மாத்திட்டாரு. அந்த மாசம் பூரா நீ வேலைக்கு வரல. மாத்திப் பேசுனே, பொய்ச்சாட்சின்னு ஒன்னையத்தான் உள்ள தள்ளுவாங்க."

பொழுது சாய்வதற்குள் அந்த லயத்தில் ஒன்பது தங்கச்சிகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

நுவரெலியாவில் விசாரணை. முதலில் ஆண்டியப்பன் கூண்டில் ஏறினான். பாடம் பிசகாமல் ஒப்பித்தான். பின்வரிசையில் கங்காணி மீசையைத் தடவிக்கொண்டார்.

ஞானரட்ணத்தின் வக்கீலுக்கு முகம் செத்துப்போனது. என்ன செய்வதென்று தெரியாமல் ஓட்டுப் போட்டவர்களைக் குறியிட்ட வாக்காளர் இடாப்பைப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"தேர்தல் அன்று நீர் இலங்கையிலேயே இல்லை?"

"இல்லீங்க. செக்ரோலைப் பாருங்க."

பார்த்தார்கள். இல்லைதான்.

"அப்படியானால் உமது பேரில் விழுந்திருக்கும் ஓட்டைப் போட்டது யார்?"

கங்காணி சொல்லிக்கொடுத்ததில் இது இல்லை. ஆண்டியப்பன் பின்வரிசையைப் பார்த்தான். மாற்றிப் பேசினால் தொலைத்துவிடுவேன் என்பதுபோல் கங்காணி கண்ணை உருட்டினார்.

"தெரியாதுங்க. நான்தான் இந்தியாவுல இருந்தேனே."

மற்ற எட்டுப் பேரும் அதையே சொன்னார்கள். மெம்பரின் வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒன்பதும் கள்ள ஓட்டு என்று தீர்மானித்த நீதிபதி, இடாப்பில் குறித்திருந்த இலக்கத்தைப் பார்த்து அந்த ஓட்டுச் சீட்டுகளை எடுக்கச் சொன்னார். ஒன்பதும் வியாகுலத்துக்கு விழுந்தவை. ஒன்பதையும் கழித்தார்கள். ஏழு ஓட்டில் ஜெயித்தவர் இரண்டு ஓட்டில் தோற்றுப்போனார்.

உண்மையைச் சொல்லித் தடுக்கக் கங்காணியால் முடியவில்லை. சொன்னால் சாட்சியை மிரட்டியதற்கு அவர்தான் கம்பி எண்ண வேண்டும்.

தீர்ப்பு வந்த மறுநாள் மீண்டும் அதே வாசலில் வந்து நின்றார். இந்த முறை வாசலை மறிக்க முடியாத அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தார்.

"மெம்பருக்கே ஓட்டுப் போட்டுட்டு, ஏன்டா அந்த ஞானரட்ணம் பக்கம் சாட்சிக்குப் போனீங்க?"

"ஞானரட்ணத்தோட சாராயத்தைக் குடிச்சோம்ல, அதனால நாங்க அவரு ஆளுங்கன்னு நெனச்சிக்கிட்டாரு. ரெண்டு போத்தல்னு அன்னைக்கே சொன்னேனுங்களே, அது ஓட்டுக்கு மொதநாளு அவரு குடுத்தது" என்றான் ஆண்டியப்பன். "அவரு சாராயத்தைக் குடிச்சிட்டு, அவரு லொறியிலயே போயி, நம்ம மெம்பருக்குப் போட்டுட்டு வந்தோம். அதைத்தான் ஒன்பது பேரும் கோர்ட்டுல சொல்றதா இருந்தோம், நீங்கதான் எங்களை இந்தியாவுக்கு அனுப்பிட்டீங்க."