வேலியோரத்துக் கறித்துண்டு

கயிற்றை உதறிக்கொண்டு ஓடிய வளர்ப்பு நாய் பிஸ்தா, குடியிருப்பின் பின்வேலியோரம் கிடந்த கறித்துண்டை விழுங்கிவிட்டது. பூரணி மண்டியிட்டு அதன் வாயைப் பிளந்து விரல்விட்டுத் துழாவினாள். கொழகொழப்பும் ஒரு நெடியும்தான் கையோடு வந்தன. அந்த நெடி அவளுக்குத் தெரியும். நேற்று மாலை அவள் கணவன் கதிரேசன் கறி வாங்கிவந்து அவனே நறுக்கினான். குடியிருப்புச் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர்; தெருநாய்ப் புகார்களெல்லாம் அவனிடம்தான் வரும். "நாளைக்கு நாயைப் பின்பக்கம் கூட்டிட்டுப் போகாத," என்றான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவன் வைத்துவிட்டுப் போன, அதே நெடியடித்த கிண்ணத்தை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்தாள். கேட்காமல் இருப்பதால்தான் வீடு நிம்மதியாக இருக்கிறது என்று வெகுகாலமாக நம்பியிருந்தாள்.

"உப்புத்தண்ணி எதையும் ஊத்திடாதீங்கம்மா. என்ன மருந்துன்னு கேட்டுக்கிட்டு உடனே தூக்கிட்டு வாங்க," என்றார் போனில் கால்நடை மருத்துவர். பிஸ்தாவின் பின்னங்கால்கள் வெட்டி இழுக்கத் தொடங்கியிருந்தன. அவள் கணவனை அழைத்தாள்.

"என்னங்க, கறியில என்ன கலந்தீங்க?"

"எந்தக் கறி? காலங்காத்தால உளறாத."

"ஒரு நாய் தின்னுட்டுத் துடிக்குதுங்க. மருந்துப் பேரைச் சொல்லுங்க."

அவன் தணிந்த குரலில், "எந்த நாய்?" என்றான்.

"நம்மதுதான்."

அவன் உடனே சொன்னான். எழுத்துக்கூட்டி, இரண்டு தடவை. பிஸ்தாவைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தவள் வேலிக்கு அப்பால் பார்த்தாள். மூன்று தெருநாய்கள் படுத்திருந்தன. வரும்போது, அவை தூங்குகின்றன என்றுதான் நினைத்திருந்தாள்.