பிடி, விடு

மூத்தாள் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயை விலக்க வேண்டாம் என்று அண்ணி கையைக் காட்டினாள். ஷெட்டுக்குள் நுழைந்ததிலிருந்து அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

“கேஸ் வாடை அடிக்குதே, தம்பி.”

“காலைல ஒரு சைலன்சருக்கு ஒட்டுப் போட்டேன் அண்ணி. உட்காருங்க.”

மூத்தாள் என்பது காரின் பெயர். எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே ஆறிக்கொள்ளும் பழைய கார். கல்யாணத்துக்கு முன்பே அண்ணனிடம் வந்துவிட்டதால் அந்தப் பெயர். நீ இளையாள், கொஞ்சம் அனுசரித்துப் போ என்பான் அவன். உங்க மூத்தாளுக்குத் தண்ணிகூட வேண்டாம், நான்தானே வேளாவேளைக்குச் சோறு கேட்கிறேன் என்பாள் அவள்.

போன மழைக்காலத்தில் அதை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்க அண்ணனுக்கு ஆசை வந்தது. ஓடுவதற்கு முன்னால் நிற்கத் தெரியணும் என்று சொல்லி, அண்ணனும் தம்பியும் இதே ஷெட்டில் பிரேக்கை மாற்றினார்கள். சக்கரத்தோடு சுற்றும் மெல்லிய டிஸ்க்குகள் இருந்த இடத்தில் தடித்தவை, அவற்றைக் கவ்விப் பிடிக்கப் பெரிய காலிப்பர்கள், பின்சக்கரங்களில் டிரம்முக்குப் பதில் டிஸ்க். பம்பருக்கு அடியிலிருந்து சக்கரத்துக்குக் காற்று கொண்டுபோக ஒரு குழாயும் வைத்தார்கள்.

முழு வேகத்தில் எடுத்த முதல் சுற்றிலேயே கார் வளைவில் சுவரில் மோதியது. அண்ணன் வீடு திரும்பவில்லை. மழை போய்க் கோடை வந்த பிறகும் காரை யாரும் தொடவில்லை.

தம்பியும் தொட்டிருக்க மாட்டான். ஆனால் நேற்று அண்ணி, அவன் மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுக்கும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அன்று பிரேக் ஆயில் வாங்கத் தம்பி கடைக்குப் போயிருந்தான். அண்ணன் சக்கரத்துக்கு அருகே படுத்துக்கொண்டு அவளை சீட்டில் உட்கார வைத்தான். ‘அமுக்கு’ என்றால் பெடலை அமுக்க வேண்டும். ‘பிடி’ என்றால் காலை எடுக்கக் கூடாது. அவன் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து மூடிவிட்டு ‘விடு’ என்ற பிறகுதான் எடுக்கலாம். முந்தி எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும், பிறகு பிரேக் சரியாகப் பிடிக்காது. கடைசிச் சக்கரத்தில் அவள் போன் அடித்தது. குனிந்து பார்த்தபோது கால் நழுவிவிட்டது. சொன்னால் திட்டுவான் என்று சொல்லவில்லை.

அண்ணன் போனதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. ஏதாவது செய்யுங்க, அக்காவை இப்படியே விட்டா நமக்கு மிஞ்ச மாட்டாங்க என்று மனைவி நேற்று அழுதாள். அதனால்தான் தம்பி அண்ணியை வரச் சொல்லியிருந்தான்.

தோல் கையுறையைக் கழற்றாமலே அவன் மேசை மேலிருந்த ஒரு பிரேக் டிஸ்க்கை எடுத்து டியூப் லைட்டுக்குக் கீழே திருப்பினான். அதன் விளிம்பில் மூன்று வெள்ளைக் கோடுகள் இருந்தன.

“இது முன்சக்கரத்து டிஸ்க். மாட்டும்போது நானும் அண்ணனும் போட்ட பெயிண்ட் இது. பச்சை, ஆரஞ்சு, சிவப்பு. சூடு ஏற ஏற ஒவ்வொண்ணா வெளுத்துடும். டிராக் வண்டிக்கெல்லாம் போடுவாங்க, பிரேக் எவ்வளவு காயுதுன்னு பார்க்க.”

“மூணும் வெளுத்திருக்கு.”

“அதைத்தான் சொல்றேன். பிரேக் பிடிக்கலைன்னா இது எப்படிக் காயும்? கலர் அப்படியே இருந்திருக்கும். அண்ணன் அமுக்கினார், பிரேக் பிடிச்சுது. பின்னாடி எஞ்சின் இருக்கிற வண்டி, வளைவுல அழுத்திப் பிடிச்சா வாலை வீசிடும். அதுதான் நடந்திருக்கு.”

“இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?”

“சக்கரத்தைக் கழட்டவே எனக்கு மனசு வரல அண்ணி. இன்னைக்குத்தான் கழட்டினேன்.”

அவள் மூன்று கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய வலது பாதம் சிமெண்டுத் தரையில் எதையோ அமுக்கிப் பிடித்திருப்பதுபோல அழுந்தியிருந்தது. சில மாதங்களாகவே அவள் எங்கே உட்கார்ந்தாலும் அந்தக் கால் அப்படித்தான் இருந்தது.

“அவர் சொல்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன் தம்பி.”

“எடுத்தா என்ன? பிரேக் பிடிச்சிருக்கே. உங்க மேல ஒரு தப்பும் இல்ல.” தம்பி குரலைத் தாழ்த்தினான். “விடுங்க அண்ணி.”

பாதம் தளர்ந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால்கூட அழாதவள், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். தம்பி சுவரில் தொங்கிய ஸ்பேனர்களைப் பார்த்தபடி நின்றான்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உன் பொண்டாட்டியை இரவுக்கு இரண்டு தோசை சேர்த்து ஊற்றச் சொல்லு என்றாள். தம்பிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சரி என்று தலையாட்டி, டிஸ்க்கை மேசையில் வைத்துவிட்டுப் பழந்துணியால் மூடப் போனான்.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். அவர் கடைசியாகத் தொட்டதெல்லாம் இந்தக் காரில்தானே இருக்கிறது, ஒருமுறை தொட்டுக்கொள்கிறேன் என்றாள்.

“கை அழுக்காயிடும் அண்ணி.”

அதற்குள் அவள் உள்ளங்கையை விரித்து டிஸ்க்கின் மேல் வைத்திருந்தாள். கையை எடுக்கவில்லை. மேசையடியில் கிடந்த, நெருப்பு வீசும் கேஸ் டார்ச்சைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, ஒரு தாய் பிள்ளையைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள்.

“சூடு இன்னும் ஆறலையே, தம்பி.”