கெட்டியாப் பிடிச்சுக்கோ

மலேசியாவின் பூச்சோங்கில் அக்கா மகள் தர்ஷினியின் விளையாட்டு முகாம். கடைசி நாள், பெரியவர்களும் செயற்கைப் பாறையில் ஏறலாமாம்.

"மாமாவுக்குப் பயம் லா!" என்றாள் எல்லோர் முன்னாலும். ஏறிவிட்டேன்.

கீழே என் கயிற்றைப் பிடித்திருந்தவள் சுகன்யா. போன மாதம்தான் என்னைக் கட்டிக்கொண்டு திருச்சியிலிருந்து வந்தவள்.

உச்சியில் கால் வழுக்கியது. அந்தரத்தில் தொங்கினேன்.

"சுகன்யா, விட்டுடாதே!"

"ஐயோ, மாட்டேங்க!"

அவள் பிடி நழுவுவதைப் பார்த்த மலாய்க்காரப் பயிற்சியாளர், தூரத்திலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"தாலி! தாலி!"

சுகன்யாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கயிற்றை விட்டாள். கழுத்துத் தாலியை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மலாயில் கயிற்றுக்குப் பெயர் தாலி. அதை அவளுக்குச் சொல்ல வாயெடுப்பதற்குள் மெத்தை வந்துவிட்டது.